வடக்குக் காட்டில் எட்டு நாள்

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மினியாபொலிஸிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வழியில் சாப்பிட நின்றது போக, இரண்டு மணிக்கெல்லாம் டவர் என்ற சின்ன ஊரைத் தாண்டிவிட்டோம். ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பாதி தூரத்துக்குப் பெரிய நெடுஞ்சாலை; அதற்கப்புறம் சாலை ஒடுங்க ஒடுங்க மரங்கள் நெருங்கி வருகின்றன. வெர்ஜீனியா என்ற சுரங்க ஊரில், தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் பழைய இரும்புச் சுரங்கக் குழியின் மேல் ஓர் உயரமான பாலம். பழைய சாலைக்கு அடியில் இரும்புத்தாது இருந்ததால் சாலையையே வேறு பக்கம் நகர்த்திவிட்டார்கள். பாலம் 2017இல் திறந்தது. மின்னசோட்டாவிலேயே உயரமான பாலம் இதுதான்.

நாங்கள் போவது என்னோடு வேலை செய்யும் தோழி பிறந்து வளர்ந்த வீட்டுக்கு. அவளுடைய அப்பாவுக்கு வயது 76. ஏப்ரலில் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் வசந்தத்தில் வெட்டிய பிர்ச் மரங்கள் வீட்டுப் பக்கத்தில் பிளக்காமல் கிடக்கின்றன. "ஒரு வாரம் லீவு போட்டு விறகு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன்" என்று அவள் சொன்னபோது நானும் வருகிறேன் என்றேன். மின்னசோட்டாவில் ஆறு வருடமாக இருக்கிறேன். இந்தக் காட்டுப் பக்கம் வந்ததெல்லாம் இரண்டு நாள் தங்கிப் படகு ஓட்டிவிட்டுத் திரும்பியதுதான். இங்கே ஒரு குடும்பம் வருடம் முழுக்க எப்படி வாழ்கிறது என்று கிட்ட இருந்து பார்த்ததில்லை.

தார்ச்சாலை முடிகிற இடத்தில் சரளைச் சாலை. முனையில் தபால் பெட்டி, அதன் பக்கவாட்டில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி. நாம் அனுப்பவேண்டிய கடிதம் உள்ளே இருந்தால் கொடியை நிமிர்த்தி வைக்கவேண்டும். அங்கிருந்து வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் மரங்களுக்குள் போகவேண்டும். ஏரியின் பெயரை இங்கே எழுதவில்லை, வீட்டாருக்கு அதில் விருப்பமில்லை.

அம்மா (தோழி கூப்பிடுவது போலவே நானும் எழுதிவிடுகிறேன்) காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வீட்டு வழக்கங்களைச் சொன்னார். வலைக்கதவைத் திறந்தால் உடனே சாத்திவிட வேண்டும், இல்லையென்றால் இரவெல்லாம் கொசு. குப்பைப் பையை வெளியே வைத்தால் கரடி வரும். கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகிறது, அதனால் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வெளியே போய் வந்தால் முழங்காலுக்குப் பின்புறமும் இடுப்பும் காதோரமும் தடவிப் பார்த்து உண்ணி தேடவேண்டும். சாதாரண உண்ணி கண்ணுக்குத் தெரியும். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும்.

எட்டரை மணிக்கும் வெளியே நல்ல வெளிச்சம். ஹம்மிங் பறவைகளுக்காக ஜன்னலோரம் தொங்கும் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியை அம்மா கழற்றி உள்ளே கொண்டுவந்தார். அதுவும் கரடிக்காகத்தான். ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர், சாயம் எதுவும் கூடாது. வெயில் நாளில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றவேண்டும். விரலளவு பறவைக்கு இவ்வளவு கவனம்.

படுத்த பிறகு ஏரியிலிருந்து லூன் கூப்பிட்டது. முதலில் தாழ்ந்து, பிறகு மேலே எழும்பி, அங்கேயே நின்று இறங்கும் குரல். தூரத்தில் இன்னொன்று பதில் சொன்னது. இந்த மாநிலத்தின் பறவை அது. மற்றப் பறவைகளைப் போல உள்ளே பொள்ளலாக இல்லாமல் அதன் எலும்புகள் கெட்டியாக இருப்பதால் ஆழமாக முங்கும். ஆனால் பறக்க எழவேண்டுமென்றால் தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓடவேண்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை ஆறரைக்கே அப்பா வெளியே இருந்தார். நான் போனபோது விறகு பிளக்கும் இயந்திரத்துக்கு இடது கையால் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே விறகை 'கார்டு' என்ற அளவில் பேசுகிறார்கள். நான்கு அடி உயரம், நான்கு அடி அகலம், எட்டு அடி நீளம் அடுக்கினால் ஒரு கார்டு, 128 கன அடி. இந்த வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு ஐந்து கார்டு. ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரர் ஜூனிலேயே பிளந்து கொடுத்துவிட்டார். மீதி நான்கும் பதினாறு அங்குலத் துண்டுகளாக அறுத்துப் போட்டபடி குவியலாகக் கிடக்கின்றன.

"இது இந்தக் குளிர்காலத்துக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை. அது கொட்டகையில் இருக்கிறது, போன வருடம் பிளந்தது. இது அடுத்த குளிர்காலத்துக்கு" என்றார் அப்பா.

பச்சை விறகில் கிட்டத்தட்டப் பாதி எடை தண்ணீர்தான். எரித்தால் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகை புகைபோக்கியின் உள்சுவரில் தார் போலப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். அதனால் குறைந்தது ஒரு வெயில்காலம் முழுக்க காயவேண்டும். பிர்ச்சுக்கு இன்னொரு அவசரமும் உண்டு. அதன் வெள்ளைப் பட்டையில் தண்ணீர் இறங்காது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் அந்தப் பட்டையில்தான் கனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகைச் செய்தார்கள். ஆனால் வெளியே இருந்து நுழையாத தண்ணீர் உள்ளே இருந்து வெளியேறவும் முடியாது. பிளக்காமல் விட்டால் பட்டைக்குள்ளேயே மரம் அழுகிவிடும். போன வருடம் புதருக்குள் உருண்டுபோன ஒரு துண்டை அப்பா காலால் புரட்டிக் காட்டினார். வெளியே பார்த்தால் நேற்று வெட்டியது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. கட்டைவிரலால் நடுவே அழுத்தினேன், நனைந்த ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போய்விட்டது.

வேலை மூன்றாகப் பிரிந்தது. தோழி துண்டை உருட்டிக்கொண்டு வந்து இயந்திரத்தில் ஏற்றுவாள். அப்பா இடது கையால் நெம்புகோலைத் தள்ளுவார். ஆப்பு மெதுவாக முன்னால் வந்து மரத்தைத் தொட்டு, ஒரு கணம் நின்று, பிறகு உள்ளே இறங்கும். 'சர்ர்' என்று நார் கிழியும் ஓசையோடு துண்டு இரண்டாக விரியும். உள்ளே பால்நிறம், நடுவில் லேசான இளஞ்சிவப்பு. ஈரமும் இனிப்பும் கலந்த ஒரு வாசனை அப்போதுதான் வெளியே வரும். எடுத்துப்போய் அடுக்குவது என் வேலை.

அடுக்குவதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பதினொரு மணிக்கு, இடுப்பு உயரம் வந்திருந்த என் வரிசை நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு, சத்தமில்லாமல் முன்னால் சரிந்தது. இரண்டரை மணி நேர உழைப்பு காலடியில் கிடந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது எனக்கு.

அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். சரிந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடியில் தரையில் படாமல் இரண்டு நீளக் கம்புகள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, வரிசையின் முனையில் மூன்று துண்டை ஒரு திசையில் வைத்து, அதன்மேல் மூன்றைக் குறுக்காக வைத்து, மறுபடி நேராக வைத்து, ஒரு தூண் எழுப்பினார். "சுமையைத் தாங்குவது முனைதான். நடுவில் நீ எப்படி வேண்டுமானாலும் போடலாம், முனையில் அவசரப்படாதே" என்றார். ஒவ்வொரு துண்டையும் வைத்துவிட்டு உள்ளங்கையால் ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறார். ஆடினால் எடுத்துத் திருப்பி வைக்கிறார். ஆடாமல் உட்காரும் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கிறது. இடது கை மட்டும்தான் வேலை செய்தது. வலது கை மடியில் இருந்தபடி, இடது கையோடு கூடவே கொஞ்சம் கொஞ்சம் அசைந்தது.

மாலைக்குள் அந்த ஒரு வரிசையை நிறுத்தினேன். பதினாறு அடி நீளம், நான்கு அடி உயரம். இப்படி ஆறு வரிசை வந்தால் நான்கு கார்டு. வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளித்தான் அடுக்குகிறோம். கோடையில் காட்டுத்தீ வந்தால் விறகுக் குவியல் வழியாக வீட்டுக்குத் தாவும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. ஆனாலும் ஒரு வரிசை.

மதியம் துணி துவைத்தோம். உலர்த்தும் இயந்திரம் இருந்தாலும் கோடையில் அம்மா அதைத் தொடுவதே இல்லை. இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே கொடி. கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம், அதனால் வெள்ளைத் துண்டெல்லாம் ஓரத்தில் லேசாகத் துருநிறம். கொடியில் விரிப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மான் ஈ தலையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கொசு போல உறிஞ்சாது, வெட்டும். நகரும் ஒன்றில் உயரமான இடத்தை அது தேடும் என்பதால், இங்கே பலர் தொப்பியின் பின்னால் ஒட்டும் அட்டை ஒன்றை ஒட்டிக்கொள்கிறார்கள். அம்மாவின் தொப்பியில் எண்ணினேன், பதினான்கு.

மாலையில் குப்பை கொண்டுபோனோம். இங்கே வீட்டு வாசலுக்குக் குப்பை வண்டி வருவதில்லை. மாவட்டம் வைத்திருக்கும் இடத்துக்கு நாமே வண்டியில் எடுத்துப் போகவேண்டும். அங்கே நின்று பேசுவதுதான் ஊர்ச் செய்தி. அப்பாவின் தோள் எப்படி இருக்கிறது என்று நான்கு பேர் கேட்டார்கள். நான்கு பேருக்கும் "நன்றாக இருக்கிறது" என்றார்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று விறகுக்கு விடுமுறை. தோட்டத்து பீன்ஸ் காத்திருக்காது.

தோட்டத்தைச் சுற்றி எட்டடி உயர வேலி. அதைவிடக் குறைவாக இருந்தால் மான் தாண்டிவிடும். ஜூன் முதல் வாரம் வரை உறைபனி பயம் இருக்கிறது, செப்டம்பரில் மறுபடி வந்துவிடும். நடுவில் கிடைக்கும் மூன்று மாதத்துக்குள் எல்லாம் முளைத்துக் காய்த்து முடியவேண்டும். அதற்கு ஈடாகப் பகல் நீளமாக இருப்பதால் செடிகள் கண் முன்னால் வளர்கின்றன. நேற்றுக் காலை விரல் நீளம் இருந்த பீன்ஸ் இன்று பறிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. உருளைக்கிழங்கு, பட்டாணி, கேல், ஓரமாக ரூபார்ப். ரூபார்பின் சிவந்த தண்டு புளிப்பாக நன்றாக இருக்கும், இலை விஷம். தக்காளி இன்னும் பச்சை. பழுக்காமல் பனி வந்துவிட்டால் பறித்துச் செய்தித்தாளில் சுற்றிப் பழுக்க வைப்பார்களாம்.

ஒன்பது பவுண்டு பீன்ஸ் பறித்துக் காம்பு கிள்ளி நறுக்கினோம். அப்புறம், காயை ஜாடியில் அடைத்துக் கெடாமல் வைக்க உதவும் பிரஷர் கேனரை அம்மா பரணிலிருந்து இறக்கினார். நம் குக்கரின் பெரியம்மா போல இருக்கிறது, மேலே வைக்கும் குண்டு உட்பட. ஜாமும் ஊறுகாயும் புளிப்பு என்பதால் கொதிக்கும் தண்ணீரில் ஜாடியை முக்கி எடுத்தால் போதும். பீன்ஸில் புளிப்பில்லை. பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது. 115 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோகவேண்டும், அதற்கு அழுத்தம் வேண்டும். புத்தகத்தில் பத்து பவுண்டு அழுத்தம் என்று போட்டிருக்கும். ஆனால் ஆயிரம் அடிக்கு மேல் உள்ள இடத்தில் பதினைந்து பவுண்டுக் குண்டு போடவேண்டும். இந்த வீடு 1,300 அடிக்கு மேலே இருக்கிறது. பைன்ட் ஜாடிக்கு, அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஜாடிக்கு, இருபது நிமிடம். குண்டு வைக்குமுன் பத்து நிமிடம் ஆவியை வெறுமனே போகவிட வேண்டும். அம்மா இதிலெல்லாம் கண்ணளவுக்கு இடம் கொடுக்கமாட்டார். ஜாடியின் வாயிலிருந்து சரியாக ஓர் அங்குலம் விட்டிருக்கிறேனா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார்.

குண்டு ஆடிக்கொண்டிருந்த இருபது நிமிடமும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. அப்போதுதான் பேசினார். டுலூத் நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருக்கிறாள் மகள். லிஃப்ட் உண்டு, ஆஸ்பத்திரி பக்கத்தில். "நல்ல வீடுதான். ஜன்னலிலிருந்து பெரிய ஏரி தெரிகிறது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. விறகு முடியட்டும்" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் திருநெல்வேலியில் தனியாக இருக்கும் அப்பா உண்டு. இதே பேச்சைத் தொலைபேசியில் மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் வேறு எதையோ பேசி வைத்திருக்கிறேன்.

ஜாடிகளைத் துண்டின்மேல் வரிசையாக வைத்தோம். ஆற ஆற மூடியின் நடுப்பகுதி உள்ளே இழுபட்டு 'டிங்' என்கிறது. அந்தச் சத்தம் வந்தால் காற்று புகாமல் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். இரவுச் சாப்பாட்டுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கேட்டது. ஏழு ஜாடி, ஆறு சத்தம். ஏழாவதைக் குளிர்பெட்டியில் வைத்து நாளைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

விடாத மழை. விறகு வரிசைகளின் மேல்மட்டத்தில் பட்டை வானத்தைப் பார்க்கும்படி வைத்தது ஏன் என்று இன்று புரிந்தது. தண்ணீர் ஓடு வழியாக வழிவதைப் போல வழிந்துவிடுகிறது. மேல் மட்டும் கொஞ்சம் தார்ப்பாய். பக்கங்களை மூடக் கூடாது, காற்று வேண்டும்.

ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பா தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். பின்லாந்திலிருந்து வந்து மெசாபி இரும்புச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1907இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, முன்னால் நின்றவர்களில் பின்லாந்துக்காரர்கள் அதிகம். தோற்றபின் அவர்களில் பலருடைய பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியது, வேறு எந்தச் சுரங்கத்திலும் வேலை இல்லை. பலர் காட்டைத் திருத்திப் பண்ணை வைத்தார்கள். தாத்தாவும் அப்படித்தான். முதலில் கட்டியது வீட்டை அல்ல, சவுனாவை. நீராவிக் குளியலுக்கான அந்தச் சின்ன மரக்கட்டடத்திலேயே முதல் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறார்கள். அப்பாவின் அப்பா பிறந்ததும் அதற்குள்தான். அவர் பிற்காலத்தில் பக்கத்திலிருக்கும் சூடான் சுரங்கத்தில் இறங்கினார். மின்னசோட்டாவின் முதல் இரும்புச் சுரங்கம் அது, 1882இல் தொடங்கி 1962இல் மூடினார்கள். 2,341 அடி ஆழம்.

மழை சற்று விட்டபோது டவருக்குப் போய் ரொட்டியும் பாலும் வாங்கினோம். திரும்பும்போது, "இந்த ஊரின் பெயர் ஒரு விஷயத்தில் பதிவாகியிருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டார் அப்பா. 1996 பிப்ரவரி 2ஆம் தேதி டவர் பக்கம் பதிவான குளிர் மைனஸ் 60 டிகிரி ஃபாரன்ஹீட். மைனஸ் 51 செல்சியஸ். மாநிலத்தில் இன்றுவரை அதைவிடக் குறைந்த வெப்பநிலை பதிவாகவில்லை. மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடச் சொன்னார் ஆளுநர். அன்று இரவு இவர் தூங்கவில்லை. மணிக்கொரு தடவை எழுந்து அடுப்பில் விறகு போட்டார், சுவரிலிருந்த ஆணிகள் உள்பக்கம் வெண்பனி பூத்திருந்தன, வெளியே மரங்கள் துப்பாக்கி வெடிப்பதுபோல வெடித்தன. தோழிக்கு அப்போது எட்டு வயது. "எனக்கு அடுப்புச் சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது" என்றாள் பின்சீட்டிலிருந்து.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் ஒரு வரிசை, மதியத்துக்குப் பின் புளூபெரி.

கனூவில் ஏரியின் மறுகரைக்குப் போனோம். தண்ணீர் சுத்தமானது, ஆனால் கறுப்புத் தேநீரின் நிறம். சதுப்பு நிலங்களில் ஊறிவரும் இலை, பட்டைகளின் சாயம். ஒரு வளைகுடாவில் தண்ணீருக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் புல் நின்றது. அருகே போனதும் அப்பா துடுப்பை நிறுத்திச் சுற்றிப் போகச் சொன்னார். அது காட்டரிசி, ஓஜிப்வே மொழியில் மனோமின். இப்போது பூத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பரில் அறுவடை. இரண்டு பேர் கனூவில் போவார்கள். ஒருவர் நீளக் கழியால் தள்ள, இன்னொருவர் இரண்டு லேசான மரக்குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்ட, முற்றியது மட்டும் படகுக்குள் விழும். மீதி தண்ணீரில் விழுந்து அடுத்த வருடம் முளைக்கும். 1854 ஒப்பந்தத்தில் இந்த நிலத்தை விட்டுக்கொடுத்த ஓஜிப்வே மக்கள், இதில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உரிமையை விடவில்லை. ஜூனில் இலைகள் தண்ணீர்மேல் படுத்து மிதக்கும்போது ஒரு மோட்டார் படகின் அலை போதும், வேரோடு பெயர்ந்துவிடும். அந்த மாதம் அப்பா இந்தப் பக்கம் மோட்டாரைப் போடவே மாட்டாராம். பச்சைக் கதிரைப் பார்த்ததும் எனக்குத் தொட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த கை. தொடவில்லை.

மறுகரையில் பாறை மேடு, ஜாக் பைன் மரங்கள். இவற்றின் கூம்புகள் பிசினால் இறுக மூடியிருக்கும். நெருப்பின் சூட்டில்தான் பல திறக்கும். புளூபெரியும் தீப்பட்ட இடத்தில் செழிப்பாக வரும். 2011இல் இங்கிருந்து கிழக்கே மின்னல் விழுந்து பற்றிய தீ 92,000 ஏக்கருக்கு மேல் எரித்தது, புகை சிகாகோ வரை போனது. அதற்கடுத்த சில வருடங்களில் அந்தப் பக்கம் போனவர்கள் வாளி வாளியாகப் பறித்து வந்தார்களாம்.

காட்டுப் புளூபெரி கடையில் விற்பதில் கால்வாசிதான் இருக்கும். இடுப்பில் டப்பாவைக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பறிக்கவேண்டும். மேலே வெண்சாம்பல் படிந்தது போலிருக்கும், விரல் பட்ட இடம் கருநீலமாகும். இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு லிட்டர்கூடப் பறிக்கவில்லை. பாறையின்மேல் கரடி இட்ட சாணம் கிடந்தது, முழுக்க புளூபெரித் தோல். இன்னும் ஈரம். தோழி உடனே உரக்கப் பேச ஆரம்பித்தாள். கரும்கரடிக்கு நாம் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் அதுவே விலகிவிடும். நான் எனக்குத் தெரிந்த திருப்பாவைப் பாட்டுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே பறித்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்து, நிறுத்தாதே என்று சைகை காட்டினார்.

ஆகஸ்ட் 10, சனி

காலை ஐந்தேமுக்காலுக்குத் தொடங்கினோம். பக்கத்து வீட்டுக்காரரும் மகனும் வந்து சேர்ந்துகொண்டார்கள். மாலை நான்கு மணிக்கு இயந்திரம் நின்றது. திடீரென்று காடு முழுக்க அமைதி.

ஆறாவது வரிசையின் இரண்டு முனைகளும் நான் எழுப்பியவை. மூன்று நேராக, மூன்று குறுக்காக, ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து. கொட்டகையிலிருந்து போன வருடத்துத் துண்டு இரண்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார் அப்பா. ஒன்றோடொன்று தட்டச் சொன்னார். கணீரென்று இருந்தது. பிறகு இன்றைக்குப் பிளந்ததில் இரண்டு. 'தொப்' என்றது, ஈர மண்ணில் விழுந்த மாதிரி. காய்ந்த துண்டின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்புகள் ஓடியிருந்தன, எடையும் நன்றாகக் குறைந்திருந்தது. "அடுத்த வருடம் இந்நேரம் இதுவும் அப்படிப் பேசும்" என்றார்.

சனிக்கிழமை என்றால் சவுனா. ஏரிக்கரையில் எட்டுக்கு எட்டு அடி மர அறை, உள்ளே விறகடுப்பு, அதன்மேல் கற்கள். முதலில் நாங்கள் மூன்று பெண்களும் போனோம். அம்மா கரண்டியால் கல்லில் தண்ணீர் ஊற்றினார். சீறிக்கொண்டு எழுந்த ஆவி கூரையைத் தொட்டு, முதுகில் இறங்கியது. அந்த ஆவிக்கு மட்டும் பின்னிஷ் மொழியில் தனிச் சொல் இருக்கிறது, லோய்லூ. இலையோடு கட்டிய பிர்ச் கொத்தால் என் தோளையும் கைகளையும் மெல்ல அடித்துவிட்டார். ஒரு வாரத்து விறகு அந்தச் சூட்டில் உடம்பிலிருந்து இறங்குவதுபோல இருந்தது. தாங்க முடியாமல் போனபோது ஓடிப்போய் ஏரியில் விழுந்தேன்.

மரத்துறையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்டோபரில் இந்தத் துறையையும் கழற்றிக் கரையேற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் பனிக்கட்டி நொறுக்கிவிடும். அதை யார் தூக்குவது என்று தோழி கேட்கவில்லை. அம்மாவும் டுலூத் வீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு எரிநட்சத்திரம் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வெயில் நன்றாக இருந்தது. கொடியில் காய்ந்த விரிப்புகளை மடித்துவைத்தோம், பைன் வாசனை. அம்மா ஒரு ஜாடி பீன்ஸும் இரண்டு ஜாடி புளூபெரி ஜாமும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். மூடியில் தேதி எழுதியிருந்தது.

காரில் சாமான் ஏற்றும்போது அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனேன். விறகு வரிசையின் முனையில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து தச்சர் பென்சிலை எடுத்து, மேல்மட்டத்தில் இருந்த ஒரு துண்டின் முகத்தில் எழுத முயன்றார். வலது கை அவ்வளவு உயரத்துக்குப் போகவில்லை. இடது கைக்கு மாற்றினார், எழுத்துக் கோணியது. பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"உன் வரிசைதானே. நீயே எழுது."

"என்ன எழுத?"

"எரிக்கவேண்டிய குளிர்காலம்."

ஈர மரத்தில் பென்சில் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு முறை அழுத்தி எழுதினேன். 2025–26.

அவர் கிட்டே வந்து படித்தார். பிறகு அந்தத் துண்டின்மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.